ரால்ஃப் பன்ச்: வேதவாக்குக்கும் வாக்குக் கணக்குக்கும் நடுவே

சேலம், நாமக்கல் சமவெளியின் சேரித் தேவாலயங்களில் அடிக்கடி ஒலிக்கும் கதைகளுள், எகிப்திலிருந்து அடிமைகள் வெளியேறிய கதைக்குத் தனியிடம் உண்டு. பண்ணையத்தின் நினைவு அகலாத மக்களுக்கு அது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றுவதில்லை. எருசலேமுக்குச் 'சாலேம்' என்றொரு பழம்பெயர் விவிலியத்தில் வருவதால், நம் ஊர்ப்பெயரை அதனோடு சேர்த்து மகிழ்வோரும் உண்டு. அது வெறும் ஒலி ஒற்றுமையே. அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின அடிமைகளும் இதே கதையைத்தான் விடுதலைப் பாடலாகப் பாடினர். அந்த விடுதலைக் கதை 1947இல் ஒரு நாட்டைப் பிரிக்கும் எல்லைக்கோடாக மாறத் தொடங்கியபோது, கோடு வரையும் மேசையில் அந்த அடிமைகளின் வழிவந்த ஒருவர் அமர நேர்ந்தது. அவர்தான் ரால்ஃப் பன்ச்.

டெட்ராய்ட் நகரில் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இளமையிலேயே தாயை இழந்து, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பாட்டியால் வளர்க்கப்பட்டார். துப்புரவுப் பணி செய்தபடியே கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1927இல் முதல் மாணவராகத் தேறினார். 1934இல் ஹார்வர்டில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். ஸ்வீடன் அறிஞர் குன்னர் மிர்டாலின் நிறவெறி குறித்த பேராய்வுக்காகத் தென்மாநிலங்களில் பயணம் செய்தார். உலகப்போர்க் காலத்தில் அரசுப் பணிக்கும், பின்னர் ஐக்கிய நாடுகள் அவைக்கும் சென்றார்.

1947இல் பாலஸ்தீனச் சிக்கலை ஆராய 11 நாடுகளைக் கொண்ட குழுவை ஐ.நா. அமைத்தது. பன்ச் அதன் செயலகத்தில் இடம்பெற்றார். ஏழு நாடுகள் பிரிவினையைப் பரிந்துரைத்தன. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா ஆகிய மூன்றும் இரு மக்களும் சேர்ந்து வாழும் கூட்டாட்சியை முன்வைத்தன. ஆஸ்திரேலியா எப்பக்கமும் சாயவில்லை. ஒன்றுக்கொன்று முரண்பட்ட இவ்விரு அறிக்கைகளையும் எழுத்தில் வடித்தவர் பன்ச் என்பதே அவருடைய நிலையை உணர்த்தப் போதுமானது. யூதர்கள் பட்ட துயரம் அவருக்கு அந்நியமானதன்று. ஆனால் அத்துயரத்துக்கான ஈட்டை, அதனை இழைக்காத அரபு மக்கள் செலுத்த வேண்டியிருப்பதையும் அவர் கண்டார்.

அமெரிக்கா எவ்வாறு முடிவெடுத்தது என்பதே நமக்கு முதன்மையான வினா. வெளியுறவுத் துறையின் வல்லுநர்களுள் பெரும்பாலோர் பிரிவினையை எதிர்த்தனர். எண்ணெய் வளமும் அரபு நாடுகளின் நட்பும் அவர்களது கவலை. அதிபர் ட்ரூமனோ விவிலியத்தில் ஊறிய பாப்டிஸ்ட் குடும்பத்தவர். யூதர் தம் நிலத்துக்குத் திரும்புவதைத் தெய்வ வாக்குறுதியின் நிறைவேற்றமாகக் கருதும் கிறித்தவ நம்பிக்கை அந்நாட்டில் நெடுங்காலமாக வேரோடியிருந்தது. 1891இலேயே பிளாக்ஸ்டோன் என்னும் போதகர் அக்கோரிக்கையுடன் அன்றைய அதிபரிடம் மனு அளித்திருந்தார். இந்தச் சமய உணர்வோடு அரசியல் சியோனியத்தின் திறமையான அமைப்பாற்றலும், நியூயார்க் போன்ற மாநிலங்களின் தேர்தல் கணக்கும், வதைமுகாம்களில் உயிர்தப்பியோர் மீதான உண்மையான இரக்கமும் கலந்தன. இவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து அதுவே காரணம் என்போர் வரலாற்றைப் படிப்பதில்லை, சதிக்கதையைத் தேடுகின்றனர்.

1947 நவம்பர் 29 அன்று 33 நாடுகள் பிரிவினையை ஆதரித்தன, 13 எதிர்த்தன, 10 விலகி நின்றன. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. தயங்கி நின்ற லைபீரியா, ஹைட்டி, பிலிப்பைன்ஸ் ஆகியவை அமெரிக்க அழுத்தத்தின் பின்னரே ஆதரவுப் பக்கம் வந்தன. விடுதலை பெற்ற கறுப்பின அடிமைகள் உருவாக்கிய நாடுகள் இரண்டு அப்பட்டியலில் இருந்தது கசப்பான செய்தி. 1948 மே 14 அன்று இஸ்ரேல் அறிவிக்கப்பட்ட 11ஆம் நிமிடத்தில் ட்ரூமன் அதனை ஏற்றார். அவருடைய வெளியுறவுச் செயலர் மார்ஷல் அதற்கு இரு நாள் முன்புவரை கடுமையாக எதிர்த்திருந்தார்.

போர் மூண்டது. ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர் வீடிழந்தனர். ஐ.நா. சமரசத் தூதராக அனுப்பப்பட்ட ஸ்வீடன் பிரபு பெர்னடோட்டின் வலக்கரமாகப் பன்ச் பணியாற்றினார். அகதிகள் ஊர் திரும்ப வேண்டும், நெகேவ் பாலைநிலம் அரபு மக்களுக்கும் கலிலேயா யூதர்க்கும் செல்ல வேண்டும் என்ற திட்டத்தில் பெர்னடோட் செப்டம்பர் 16 அன்று கையெழுத்திட்டார். மறுநாள் எருசலேமில் லேஹி என்னும் சியோனியத் தீவிரவாதக் குழுவினர் அவரைச் சுட்டுக் கொன்றனர். அந்த வண்டியில் இருந்திருக்க வேண்டிய பன்ச், சோதனைச் சாவடியில் நேர்ந்த தாமதத்தால் உயிர் தப்பினார்.

சில நாள்களில் மார்ஷல் அத்திட்டத்தை வெளிப்படையாக ஆதரித்தார். ஆனால் அது அமெரிக்க அதிபர் தேர்தல் காலம். எதிர்த்துப் போட்டியிட்ட டூயி இதையே தாக்குதலுக்குப் பயன்படுத்தவும், இஸ்ரேல் ஏற்காத எந்த எல்லை மாற்றத்தையும் ஆதரிக்கப் போவதில்லை என அக்டோபர் இறுதியில் ட்ரூமன் அறிவித்தார். தூதர் உயிரைக் கொடுத்த திட்டம் அத்துடன் முடிந்தது. அகதிகளின் திரும்பும் உரிமை மட்டும் டிசம்பர் 11 அன்று 194ஆம் தீர்மானமாக ஏட்டில் ஏறியது.

இறந்தவரின் இடத்துக்கு வந்த பன்ச், 1949இல் ரோட்ஸ் தீவில் எகிப்துடன் தொடங்கி, லெபனான், ஜோர்டான், சிரியா ஆகியவற்றோடு இஸ்ரேல் போர்நிறுத்தம் செய்துகொள்ள வழிகோலினார். 1950இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அதனைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். ஆனால் அந்தப் பேச்சுவார்த்தைகளில் பாலஸ்தீனருக்கென்று ஓர் இருக்கைகூட இல்லை. நம்மைப் பற்றிப் பிறர் பேசிய அவைகளை நாம் அறிவோம். அதனாலேயே 1930இல் இலண்டன் வட்டமேசையில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அமர்ந்தது நமக்குப் பெருநிகழ்வு. பன்ச் இக்குறையை உணராதவர் அல்லர். அரசுகளுக்கு இடையிலான அமைதியே முதலில் கைகூடும் என்று கணக்கிட்டார். அக்கணக்கு பிழை என்பதே என் கருத்து.

அதே 1949இல் ட்ரூமன் அவருக்கு வெளியுறவுத் துறையின் உதவிச் செயலர் பதவியை அளிக்க முன்வந்தார். பன்ச் மறுத்தார். தம் பிள்ளைகள் தோல் நிறத்தால் பிரிக்கப்படும் வாஷிங்டனில் மீண்டும் குடியேற மாட்டேன் என்பதே அவர் காரணம். வேதத்தின் பெயரால் தொலைதூரத்து மக்களுக்கு நீதி பேசிய தலைநகர், தன் பள்ளிகளிலும் உணவகங்களிலும் நிறத்தீண்டாமையைக் காத்து நின்றது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1959இல், நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் டென்னிஸ் மன்றம் அவர் மகனுக்கு உறுப்பினர் இடம் மறுத்தது. கறுப்பினத்தவரையும் யூதரையும் சேர்ப்பதில்லை என்று காரணம் கூறப்பட்டது. இஸ்ரேலை ஆதரித்த நாட்டின் மேட்டுக்குடி, தன் அண்டை வீட்டு யூதரைத் தன் மைதானத்துக்குள் விடவில்லை. சியோனியத்துக்கு அமெரிக்கா தந்த ஆதரவையும் யூதர் மீதான அன்பையும் ஒன்றெனக் கருதுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கலாம். எதிர்ப்பு எழுந்ததும் மன்றம் இறங்கிவந்து இடமளித்தது. அது தம் புகழுக்குக் கிடைத்த சலுகையே, சமத்துவம் அன்று என்று பன்ச் அதையும் ஏற்கவில்லை. தீவட்டிப்பட்டியில் 2024இல் கோயில் வாசல் மறுக்கப்பட்ட மக்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

1956இல் சூயஸ் போருக்குப் பின் ஐ.நா. அமைதிப் படையை அமைத்தவரும் அவரே. 1965இல் உடல்நலம் குன்றிய நிலையிலும் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரி வரையிலான வாக்குரிமைப் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங்குடன் நடந்தார். 1967இல் எகிப்தின் கோரிக்கையால் அமைதிப் படை விலக்கப்பட, மீண்டும் போர் மூண்டது. ரோட்ஸில் அவர் வரைவித்த கோட்டைத் தாண்டி மேற்குக் கரையும் காசாவும் இஸ்ரேலின் வசமாயின. நீரிழிவு பார்வையைப் பறித்துக்கொண்டிருந்த நிலையிலும் இறுதி ஆண்டுவரை ஐ.நா. பணியில் இருந்த அவர், 1971 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில் இறந்தார். 194ஆம் தீர்மானம் அன்றும் நிறைவேறாமலே இருந்தது.