காலராவின் நஞ்சைக் கண்டறிந்த சம்புநாத் டே

ஒரு காலத்தில் காலரா என்ற பெயரைக் கேட்டாலே ஊர் நடுங்கும். வாந்திபேதி என்று நம் பாட்டிமார் அழைத்த அந்நோய் காலையில் ஒருவரைப் பற்றினால், மாலைக்குள் அவர் வீட்டில் அழுகுரல் எழும். குளத்து நீரையும் ஏரி நீரையும் குடித்து வாழ்ந்த சிற்றூர் மக்கள் அதனைத் தெய்வத்தின் சினம் என்று எண்ணி அஞ்சினர். அக்கொடிய நோய் மனிதனைக் கொல்லும் வழியை உலகுக்குக் காட்டியவர் நம் நாட்டவரான மருத்துவர் சம்புநாத் டே. அப்பெருந்தகையின் வாழ்வை இங்கே சிறிது காண்போம்.

1915ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள், வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டச் சிற்றூர் ஒன்றில் எளிய குடும்பத்தில் அவர் பிறந்தார். உதவித்தொகை பெற்றுப் படித்து, 1939இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் சென்று 1949இல் முனைவர் பட்டமும் பெற்றார். அங்கேயே தங்கிவிடாமல், காலரா மலிந்திருந்த கல்கத்தாவுக்கே திரும்பி வந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

1884இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியை இனங்கண்டிருந்தார். ஆனால் அக்கிருமி எவ்வாறு கொல்கிறது என்பது பல்லாண்டுகள் கடந்தும் விளங்கவில்லை. கிருமி மடிந்து உடையும்போது வெளிப்படும் நஞ்சு இரத்தத்தில் கலந்து கொல்கிறது என்றே அறிஞர் பலரும் நம்பி வந்தனர். டே அவர்களோ, நோய் குடலில் அல்லவா தோன்றுகிறது, அங்கேயே தேடிப் பார்ப்போம் என்று எண்ணினார்.

முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் காலராக் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் நிறைந்து புடைத்திருந்தது. இச்சோதனையை 1953இல் வெளியிட்டார். அடுத்து, கிருமிகள் வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமியும் இல்லாத தெளிந்த நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் அவ்வாறே புடைத்தது! கிருமி சுரக்கும் நஞ்சே உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்து வெளியேற்றுகிறது என்ற உண்மை புலனாயிற்று. 1959இல் நேச்சர் என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழில் இது வெளிவந்தது. விலையுயர்ந்த கருவிகள் எவையும் இச்சோதனைக்குத் தேவைப்படவில்லை.

நீரும் உப்பும் வெளியேறுவதே சாவுக்குக் காரணம் என்றால், அவற்றை ஈடுசெய்தால் உயிர் பிழைக்கும் அன்றோ? 1971இல் வங்காள எல்லையிலுள்ள பன்காவ் அகதிகள் முகாமில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் புகட்டி, நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவை நான்குக்கும் கீழே குறைத்துக் காட்டினார்.

இத்தனை பெரிய உண்மையைக் கண்டவருக்குத் தாய்நாட்டில் உரிய பாராட்டு கிட்டவில்லை. 1973இல் அமைதியாகப் பணி ஓய்வு பெற்றார். 1978இல் ஸ்டாக்ஹோமில் நடந்த காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டார். நோபல் பரிசு பெற்ற அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க் அப்பரிசுக்கு இவர் பெயரைப் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. 1985ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மறைந்தார். 1990இல்தான் நம் நாட்டு அறிவியல் இதழான கரண்ட் சயன்ஸ் அவருக்கென்று சிறப்பிதழ் வெளியிட்டது.

அவர் தொடங்கிய தேடல் பின்னும் வளர்ந்தது. நஞ்சை உண்டாக்கும் மரபணுவைக் காலராக் கிருமிக்குக் கொண்டு வந்து சேர்த்தது ஒரு வைரஸ் என்பது 1996இல் தெரிந்தது. 2000ஆம் ஆண்டில், சுமார் 40 லட்சம் எழுத்துகள் கொண்ட அக்கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையும் விஞ்ஞானிகள் படித்தறிந்தனர்.

மானாம்பதி மாணவியராகிய நாம் இவ்வாழ்விலிருந்து கற்பது யாது? ஆய்வுக்கு முதல் தேவை சரியான கேள்வி. அடுத்த தேவை பொறுமை. கைதட்டல் கேட்காவிட்டாலும் கடமையை முடிக்கலாம். இன்னொன்றையும் இல்லந்தோறும் சொல்வோம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, வயிற்றுப்போக்கு கண்டவுடன் சிறிது சிறிதாகப் புகட்டியபடியே மருத்துவரிடம் விரைவோம். பரிசு பெறாத அப்பெரியவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.