தாவும் மரபணுவைக் கண்ட அம்மையார்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் மழையை நம்பி மக்காச்சோளம் விதைக்கிறார்கள். அந்தப் பயிரை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர் பார்பரா மெக்ளின்டாக் அம்மையார்.

அவர் 1902-ல் அமெரிக்காவில் பிறந்தார். கல்லூரிக்குப் போனால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று தாயார் அஞ்சினார். தந்தை அனுமதித்தார். 1927-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கடைசிவரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

மக்காச்சோளத்தில் சில கதிர்களின் மணிகளில் புள்ளிகள் இருக்கும். காரணம் என்ன? அம்மையார் ஆராய்ந்தார்.

நிறம், உயரம் போன்ற குணங்களைத் தாய்ச் செடியிலிருந்து சேய்க்குக் கொண்டுபோவது மரபணு. மாலையில் கோத்த முத்துப்போல அது இடம் மாறாது என்று அன்று விஞ்ஞானிகள் எண்ணினார்கள். ஆனால் சில துணுக்குகள் இடம் விட்டு இடம் தாவுகின்றன! நிறம் தரும் மரபணுவுக்குள் அப்படி ஒன்று புகுந்தால் மணி வெளுக்கும். மணி வளரும்போது அது விலகும் இடங்களில் நிறம் திரும்பும். அதுதான் புள்ளி.

1951-ல் விஞ்ஞானிகள் கூட்டத்தில் இதை விளக்கினார். பலருக்குப் புரியவில்லை, சிலர் நம்பவில்லை. அதுபற்றி எழுதி வெளியிடுவதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார். ஆராய்ச்சியை மட்டும் விடவில்லை.

பிற்காலத்தில் கிருமிகளிலும் தாவும் துணுக்குகள் தென்பட்டன. உலகம் அவரைத் தேடி வந்தது. 1983-ல், 81-ஆம் வயதில், நோபல் பரிசு பெற்றார். 1992-ல் காலமானார்.

மக்காச்சோளத்தின் மரபுப் பொருளில் நூற்றுக்குச் சுமார் 85 பங்கு இத்தகைய துணுக்குகளே என்று 2009-ல் தெரிந்தது. மெக்சிகோவில் பல கிளை விட்டு வளர்ந்த காட்டுப்புல், ஒற்றைத் தண்டுப் பயிராக மாறியதில் தாவும் துணுக்கு ஒன்றுக்கும் பங்கு உண்டு. நம் கரிசலில் நேராக நிற்கும் ஒவ்வொரு தட்டையும் அதற்குச் சாட்சி.