ஆல்பிரைட் என்னும் மருத்துவர்

சுரப்பிகளினின்று குருதியிற் கலந்து பிற உறுப்புக்களை ஏவும் ஹார்மோன்களைக் குறித்துப் பயிலும் மருத்துவர் எவரும் ஃபுல்லர் ஆல்பிரைட் என்னும் பெயரை அறியாதிரார். இலக்கியம் பயிலும் நாம் அவர் சரிதத்தை எழுதப் புகுந்தமை நண்பர் சிலர்க்கு நகைப்பை விளைத்தது. விளைக்கட்டும்.

அவர் 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பஃபலோ நகரிற் பிறந்தார். 1924-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, பாஸ்டன் நகரத்து மாசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையிற் பணி ஏற்றார். நாற்பது வயது நிரம்புமுன்னரே பார்க்கின்சன் நோயாகிய நடுக்குவாதம் அவரைப் பற்றியது. கை நடுங்கிற்று, பேச்சுக் குழறிற்று, ஆராய்ச்சி மட்டும் நிற்கவில்லை.

விரை சிறுத்து, மார்பு பருத்து, விந்தணு உண்டாகப்பெறாத ஒன்பது ஆடவரைக் குறித்து 1942-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. வழிகாட்டியவர் ஆல்பிரைட்டே, எனினும் கிளைன்ஃபெல்டர் என்னும் இளைஞர் பெயரை முன்னிறுத்தித் தம் பெயரை ஈற்றில் வைத்தார். இன்றும் அந்நோய் அவ்விளைஞர் பெயரையே தாங்குகின்றது. மிகையான ஓர் எக்ஸ் குரோமோசோமே அதற்குக் காரணமென்பது 1959-இல் தெளிவாயிற்று. நம் வழக்கிலோ, மலடி என்னும் சொல் பயிலுமளவு மலடன் என்னும் சொல் பயிலக் காணோம்!

1942-ஆம் ஆண்டிலேயே அவர் பிறிதொரு கருத்தையும் வெளியிட்டார். பாராதைராய்டு ஹார்மோன் குறைந்தார்போல நோயுற்ற சிலர்க்கு அதனை ஊசிவழி ஏற்றியும் பயன் விளையவில்லை. குறை ஹார்மோனில் இல்லை. அதன் ஏவலைக் கேட்கவேண்டிய உறுப்பே செவிடாயிற்று என்று அவர் துணிந்தார். சேவலாயினும் பெட்டையின் இறகுடைய செப்ரைட் கோழியை இதற்கு உவமை கூறினார். உவமை தவறாயிற்று, அச்சேவலின் தோல் ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகின்றதெனப் பின்னர்த் தெரிந்தது. கருத்தோ தவறவில்லை.

1947-இல் அவருடைய துணைவர் ரைஃபன்ஸ்டைன், குடும்பவழி வரும் ஓர் ஆண்மைக்குறையை விவரித்தார். ஆண் ஹார்மோன் குருதியிற் குறைவின்றி இருந்தும் அந்நோயாளர்க்கு மகப்பேறு வாய்ப்பதரிது. காரணம் அப்பொழுது விளங்கவில்லை.

1956-இல் நடுக்கந்தீர மூளையிற் செய்த சிகிச்சையில் குருதி கசிந்து, ஆல்பிரைட் பேச்சும் அசைவும் இழந்தார். தாம் பலருக்கு உயிரளித்த மருத்துவமனையிலேயே பதின்மூன்றாண்டு கிடந்து, 1969 டிசம்பரில் உயிர்நீத்தார்.

ஆண் ஹார்மோனை ஏற்கும் ஏற்பியின் மரபணு, ஆண்மகன் தாயிடமிருந்து பெறும் எக்ஸ் குரோமோசோமில் உளது. அதனை 1988-இற் பிரித்தெடுத்தனர். ரைஃபன்ஸ்டைன் விவரித்த குடும்பநோய்க்கு அம்மரபணுவின் மாறுபாடே காரணமென்று அதன்பின் உறுதியாயிற்று. ஓரெழுத்து மாறினும் ஏற்பி செவிடாகி விந்தணு உண்டாதல் தடைப்படலாம். ஆல்பிரைட் மறைந்து அப்பொழுது பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.