காந்தியடிகளின் மனதை மாற்றிய ஜான் ரஸ்கின்

1904-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயில் ஏறினார். வழியனுப்ப வந்த நண்பர் போலக் ஒரு புத்தகம் கொடுத்தார். படிக்க ஆரம்பித்தவர் கீழே வைக்கவே இல்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை. அந்தப் புத்தகத்தைத் தமிழில் ‘கடையனுக்கும் கதிமோட்சம்’ என்பார்கள். கூலியைப் பற்றியும் செல்வத்தைப் பற்றியும் பேசும் புத்தகம் அது. ஆனால் எழுதியவரோ ஓவியர், கலை விமர்சகர்! படம் வரைகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது?

ஜான் ரஸ்கின் 1819 பிப்ரவரி 8-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அப்பா மது வியாபாரி, நல்ல வசதி. ஒரே பிள்ளை. அம்மா ரொம்பக் கண்டிப்பானவர், பொம்மைகூட அதிகம் கிடையாது. அதனால் தரைவிரிப்பில் இருக்கும் பூ வேலைப்பாட்டையே உத்துப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாராம். அவர் ஆக்ஸ்போர்டில் படிக்கப் போனபோது அம்மாவும் கூடவே போய்ப் பக்கத்தில் வீடு எடுத்துத் தங்கிட்டாங்க! (நம்ம யாருக்காவது இப்படி நடந்தா அவ்வளவுதான்.)

டர்னர் என்ற ஓவியரைப் பத்திரிகைகள் கேலி செய்தன. அவருக்காக வாதாட உட்கார்ந்த ரஸ்கின், தன் பேரைப் போடாமல் 1843-இல் ‘நவீன ஓவியர்கள்’ முதல் பாகத்தை வெளியிட்டார். அப்போது வயது 24. ஐந்து பாகமும் முடிய 1860 ஆகிவிட்டது.

அவரும் நீர்வண்ணத்தில் அழகாக வரைவார், ஆனால் விற்பதற்காக அல்ல. ராஜா ராணி எல்லாம் வரையவில்லை. ஒரு பாறை, ஒரு இலை, ஒரு இறகு, இவ்வளவுதான். ஒரு பொருளை வரைந்தால்தான் அதை நாம் உண்மையாகவே பார்க்கிறோம் என்பது அவர் எண்ணம். அவர் வரைந்த மீன்கொத்திப் படம் ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம்ம கண்மாய்க் கரையில் தினமும் உட்காருமே, அதே மீன்கொத்திதான்.

இத்தாலியில் வெனிஸ் நகரத்துக்குப் போய் ஏணி வைத்து ஏறி, தூண் தூணாக அளந்து வரைந்தார். பழைய சிற்ப வேலைகளில் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. செதுக்கியவர் தன் இஷ்டத்துக்குச் செதுக்கியிருக்கிறார் என்று புரிந்துகொண்டார். இங்கிலாந்துத் தொழிற்சாலையிலோ மனிதரும் மெஷின் மாதிரி ஒரே பொருளைச் செய்துகொண்டிருந்தார்கள். கல்லைப் பார்க்கப் போனவர் கல் கொத்துகிறவரைப் பார்த்துவிட்டார்!

1860-இல் ஒரு பத்திரிகையில் தொழிலாளர் கூலியைப் பற்றி எழுதினார். வாசகர்கள் கோபப்பட்டதால் நான்கு கட்டுரையோடு நிறுத்திவிட்டார்கள். பிறகு 1862-இல் அதுவே புத்தகமானது. தலைப்பு பைபிள் கதையிலிருந்து வந்தது. திராட்சைத் தோட்டத்துக்குச் சாயங்காலம் கடைசியாக வந்த ஆளுக்கும் முதலாளி முழுக் கூலி கொடுக்கிறார். எங்க ஊரில் களையெடுக்க மதியம் வந்தா அரைக் கூலிதான். நான் அம்மாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். அப்போ காலையிலேயே வந்தவளுக்கு என்ன நியாயம்னு கேட்டாங்க. அதுக்கு எனக்குப் பதில் தெரியலை. ஆனா கடைசியா வந்தவருக்கும் வீட்ல அதே பசிதானே!

அப்பா விட்டுப்போன பெரும் சொத்தில் பெரும்பகுதியை ரஸ்கின் கொடுத்தே தீர்த்தார். ஷெஃபீல்டு நகரத் தொழிலாளர்களுக்காக 1875-இல் அருங்காட்சியகம் வைத்தார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. 1857 புரட்சிக்குப் பிறகு இந்தியர்களைக் கொடூரமானவர்கள் என்று ரஸ்கின் மேடையில் பேசினார். நம் கலையையும் குறை சொன்னார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை! எதையும் உத்துப் பார்க்கச் சொன்னவர், பார்க்காமலே பேசலாமா?

கடைசிக் காலத்தில் மனநோயால் கஷ்டப்பட்டு, கோனிஸ்டன் ஏரிக்கரை வீட்டில் 1900 ஜனவரி 20-இல் இறந்தார். நாலு வருஷம் கழித்துத்தான் அந்த ரயில் பயணம். காந்தியடிகள் இறங்கிய கையோடு டர்பன் பக்கத்தில் நிலம் வாங்கி ஃபீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். 1908-இல் அந்தப் புத்தகத்தின் சாரத்தைக் குஜராத்தியில் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் ‘சர்வோதயம்’.