ஒளியின் வழியை ஆராய்ந்த நீதிபதி

வாளித் தண்ணீரிற் சரிவாக வைத்த தடி முறிந்தாற்போலத் தோன்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தடி முறியவில்லை, நீரைவிட்டு வெளிவரும் ஒளிக்கதிரே திசை மாறுகிறது. அது ஏன் அந்த வழியாற் செல்கிறது என்று ஆராய்ந்தவர் பிரான்ஸ் தேசத்துக் கத்தோலிக்க நீதிபதி ஒருவர். அவர் பெயர் பியர் டி பெர்மா.

1631ஆம் ஆண்டில் துலூஸ் உயர் நீதிமன்றிற் பதவியேற்ற பெர்மா, அதே ஆண்டில் லூயிஸ் டி லோங் என்னும் பெண்ணை மணந்து, பிள்ளைகளோடு இல்லறம் நடத்தினார். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் ஒருங்கே அமர்ந்து வழக்குத் தீர்த்த காஸ்திர் நகர மன்றிலும் அவர் பணிபுரிந்தார். கணிதம் அவருக்கு ஓய்வுநேர முயற்சியே.

1637இல் தத்துவஞானி டேக்கார்ட் ஒளிமுறிவு விதியொன்றை வெளியிட்டார். காற்றிலும் பார்க்க நீரில் ஒளி வேகமாகச் செல்லும் என்பது அவருடைய நிறுவலின் அடிப்படை. பெர்மா அதை ஏற்க மறுத்தார். இருவருக்குமிடையே கடும் வாதம் மூண்டது. 1650இல் டேக்கார்ட் காலமான பின்னரும் பெர்மாவின் ஐயம் தீரவில்லை.

கண்ணாடியிற் பட்டுத் தெறிக்கும் ஒளி மிகக் குறுகிய வழியாற் செல்கிறதென முற்காலத்திலேயே ஹீரோன் என்னும் அறிஞர் காட்டியிருந்தார். பெர்மா தூரத்துக்குப் பதிலாக நேரத்தைக் கணக்கிட்டார். வீதியால் நடந்து, பின் மணற்காணிக்குள் இறங்கிச் செல்லவேண்டிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். மணலில் நடை தாமதப்படும். ஆகவே வீதியிற் சற்றுக் கூடுதலாக நடந்து, மணலிற் குறைவாக நடந்தால் விரைவிற் சேரலாம். நீரில் ஒளியின் வேகம் குறையுமென்றும், ஒளி மிகக் குறைந்த நேரம் எடுக்கும் வழியாற் செல்லுமென்றும் கொண்டு பெர்மா கணித்தார்.

டேக்கார்ட்டின் விதிக்கு மாறான விடையையே அவர் எதிர்பார்த்தார். ஆனால் 1662இல் கணக்கு முடிந்தபோது வந்தது அதே விதிதான்! எதிராளியின் நிறுவலை ஏற்காதபோதும், அவர் கண்ட விதி சரியென்பதை பெர்மா மறைக்கவில்லை. வியப்போடு வெளிப்படையாக எழுதினார்.

அறிவற்ற ஒளி எவ்வாறு வழி தெரியும் என்று டேக்கார்ட்டின் சீடர் கிளர்செலியே ஆட்சேபித்தார். இயற்கையின் இரகசியத்தை அறிந்ததாகத் தாம் உரிமை கொண்டாடவில்லை, கேத்திரகணித உதவியையே அளித்ததாக பெர்மா பணிவுடன் பதிலிறுத்தார். 1665 ஜனவரி 12இல் காஸ்திரில் அவர் இறந்தார்.

ஒளி சிந்தித்து வழி தேடுவதில்லை. அதன் அலைத்தன்மையே இவ்வொழுங்குக்குக் காரணம் என்பது பின்னர் விளங்கியது. 1850இல் பூக்கோ செய்த பரிசோதனை, நீரில் ஒளி மெதுவாகவே செல்கிறதெனக் காட்டிற்று. பெர்மாவின் அடிப்படை சரியாயிற்று.

வாசகரே, வீட்டிலும் பங்கிலும் நமக்கும் வாதங்கள் எழுகின்றன. நம்மோடு மாறுபடுபவரின் பிழையைக் காண நாம் விரைகிறோம். அவரிடமுள்ள உண்மையையும் ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருகிறதா? உண்மை யார் வாயிலாக வந்தாலும் அது இறைவனுக்கே உரியது.