யெந்திராசிக்

டான்யூப் ஆற்றின் இருமருங்கும் அமைந்த எழில்நகர் புடாபெஸ்டு. ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய அந்நகரில் 1898 ஆம் ஆண்டு ஜார்ஜ் யெந்திராசிக் பிறந்தார். பொறியியல் கற்றுத் தேர்ந்த அவர், கான்ஸ் என்னும் பெருந்தொழிற்சாலையில் பணியேற்றார். அங்கு அவர் வகுத்த டீசல் எஞ்சின்கள் இருப்புப்பாதையில் ஓடும் வண்டிகளை இயக்கின. அவற்றால் அவர் பெயர் பிறநாடுகளிலும் பரவியது.

அக்காலத்து விமானங்களின் விசிறியைப் பிஸ்டன் எஞ்சின்களே சுழற்றின. ஆற்றலை மிகுக்க முயலுந்தோறும் அவற்றின் எடையும் சிக்கலும் பெருகின. இதற்கு மாற்று யாது என யெந்திராசிக் ஆராய்ந்தார். காற்று வீசக் காற்றாலை சுழல்கின்றதன்றோ? அவ்வாறே, காற்றை உள்ளிழுத்து அழுத்தி, அதனிடை எரிபொருளை எரித்தால், வெம்மையுற்று விரியும் வளி டர்பைன் என்னும் சுழலியைச் சுழற்றும். அச்சுழலியின் ஆற்றலில் ஒரு பகுதி காற்றை அழுத்தப் பயன்படும். எஞ்சிய பகுதி பற்சக்கரங்களின் வழியே விமானத்தின் விசிறியைச் சுழற்றும். இதுவே அவர் கண்ட நெறி.

முதலில் 100 குதிரைத்திறன் கொண்ட சிறு பொறியொன்றை அமைத்து இந்நெறியைச் சோதித்தார். பின்னர் விமானத்திற்கென 1,000 குதிரைத்திறனை நாடிப் பெரும்பொறியை வகுத்தார். 1940 ஆம் ஆண்டு அது சோதனைக்கூடத்தில் இயங்கியது. விசிறியைச் சுழற்றுதற்கென அமைந்த விமான டர்பைன்களுள் உலகில் முதன்முதல் இயங்கியது அதுவே. எனினும், எரியறையில் நேர்ந்த குறைகளால் 400 குதிரைத்திறன் அளவே கிட்டியது. குறைகளைக் களையக் காலம் வேண்டியிருந்தது. ஆனால் அப்போது இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தது. ஜெர்மானிய விமானத்தையே, ஜெர்மானிய எஞ்சினுடன், நாட்டில் கட்டுவதென்று 1941 ஆம் ஆண்டு ஹங்கேரி அரசு துணிந்தது. யெந்திராசிக்கின் பொறி வானேறாமலே கைவிடப்பட்டது.

போர் முடிந்தபின், 1947 ஆம் ஆண்டு, அவர் தாய்நாட்டை நீங்கினார். அர்ஜென்டினாவில் சிலகாலம் தங்கி, பின்னர் இலண்டன் மாநகரை அடைந்தார். அயல்நாட்டிலும் அவரது ஆராய்ச்சி ஓயவில்லை. 1954 ஆம் ஆண்டு அந்நகரிலேயே மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே, டர்பைன் சுழற்றும் விசிறிகளையுடைய வைக்கவுண்ட் விமானங்கள் இங்கிலாந்திலிருந்து பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியிருந்தன. அவற்றை ஆக்கியோர் வேறு அறிஞர்கள். ஆயினும், அந்நெறியில் முதலடி வைத்தவர் யெந்திராசிக்.

இன்றும் குறுகிய ஓடுதளங்களையுடைய சிற்றூர்களுக்கு இவ்வகை விமானங்களே பெரிதும் பறக்கின்றன. விதைத்தவர்க்கே விளைவு கிட்டுதல் எப்போதும் இயல்வதன்று. ஆயினும், நல்வித்து வீணாவதில்லை என்பதற்கு யெந்திராசிக்கின் வாழ்க்கை சான்றாக விளங்குகின்றது.