உடைந்த ஏரிகளை எண்ணிய எஞ்சினீயர் விசுவேசுவரய்யா

பெங்களூருக்குப் பிழைக்க வந்த நம்மவர்களில் விசுவேசுவரய்யாவின் பெயரைக் கேட்காதவர் இருக்க முடியாது. பையப்பனஹள்ளியில் 2022-இல் இயங்கத் தொடங்கிய ரயில் முனையத்துக்கு அவர் பெயர். கஸ்தூரிபா சாலையிலுள்ள பொருட்காட்சி சாலைக்கு அவர் பெயர். மெட்ரோ ரயிலில் போனாலும் அவர் பெயரில் ஒரு நிலையம் வருகிறது. கண்ணம்பாடி அணை கட்டியவர் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சொல்லும். ஆனால் அந்த அணைக்கு முன்பே, ஐதராபாத் நகரில் பாதி வெள்ளத்தோடு போன பிறகு, அங்கே அவர் செய்த வேலையைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு.

சிக்கபள்ளாப்பூருக்குப் பக்கத்தில் முத்தேனஹள்ளி என்ற சிறு கிராமம் இருக்கிறது. 1861 செப்டம்பர் 15-ஆம் தேதி அங்கேதான் அவர் பிறந்தார். முன்னோர்களின் ஊர் ஆந்திர தேசத்து மோட்சகுண்டம். அவருடைய முதலெழுத்து 'எம்' அதைத்தான் குறிக்கிறது. தந்தை ஸ்ரீனிவாச சாஸ்திரி சமஸ்கிருதம் படித்தவர், சொத்து இல்லாதவர். பையன் தலையெடுப்பதற்குள் அவர் காலமாகிவிட்டார். பெங்களூரிலிருந்த தாய்மாமன் ராமையாவின் ஆதரவில் படிப்பு நடந்தது. கைச்செலவுக்குப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்தார்.

அவர் பெங்களூரில் மாணவராக இருந்த நாட்களில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை மழை பொய்த்து, தெற்கே எங்கும் ஜனங்கள் மடிந்தார்கள். மைசூர் சமஸ்தானத்தில் 1871-இல் 50 லட்சத்துக்கு மேலிருந்த ஜனத்தொகை 1881 கணக்கெடுப்பில் 42 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த 1881-லேயே அவர் சென்ட்ரல் காலேஜில் பி.ஏ. தேறினார். அந்தக் காலேஜ் அப்போது சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்தது. ஆகவே அவர் வாங்கியது சென்னைப் பட்டம்.

மைசூர் சர்க்கார் கொடுத்த உபகாரச் சம்பளத்தில் பூனா போய் எஞ்சினீயரிங் படித்தார். 1883-இல் முதலாவதாகத் தேறி, மறு வருஷமே பம்பாய் மாகாணத்துப் பொதுப்பணித் துறையில் உதவி எஞ்சினீயர் ஆனார். சிந்து நதிக்கரையில் சுக்கூர் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தது போன்ற வேலைகள் பல. ஆனால் அவர் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது பூனாவுக்கு அருகே கடக்வாஸ்லா ஏரியில் 1903-இல் அமைத்த தானியங்கி மதகுக் கதவுகள்தான்.

நம் ஊர் ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஏரிக் கலிங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடியும் சமயத்தில் கற்களுக்கு நடுவே பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால் ஓரிரு அடி தண்ணீர் கூடுதலாக நிற்கும். அடைத்ததை எடுக்காமல் இருக்கும்போது இரவில் பெருமழை கொட்டினால் கரை போய்விடும். கடக்வாஸ்லாவிலும் இதே சங்கடம். அணையை உயர்த்தாமல் தண்ணீரை உயர்த்த வேண்டும். வெள்ளம் வந்தால் ஆளை எதிர்பாராமல் வழிவிடவும் வேண்டும். விசுவேசுவரய்யா அமைத்த கதவுகள் பழைய கலிங்கு மட்டத்துக்கு மேல் எட்டு அடி வரை தண்ணீரைத் தாங்கி நின்றன. நீர் குறித்த அளவைத் தாண்டினால் தாமே திறந்தன. வடிந்தால் தாமே மூடிக்கொண்டன. பின்னால் குவாலியரிலும் இந்த முறை கையாளப்பட்டது.

1908-இல் பம்பாய் உத்தியோகத்தை விட்டார். இந்தியர் ஒருவர் தலைமை எஞ்சினீயர் நாற்காலியில் உட்காருவது அந்த நாளில் நடக்கிற காரியமாக இல்லை. வெளிநாடுகளைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர் இத்தாலியில் இருந்தபோது நிஜாம் சர்க்காரின் அழைப்பு வந்தது.

ஐதராபாத்தில் நடந்தது இதுதான். 1908 செப்டம்பர் 28-ஆம் தேதி முசி நதி நகரத்துக்குள் புகுந்தது. நகருக்குத் தென்மேற்கே ஷம்ஷாபாத்தில் ஒரே நாளில் சுமார் 13 அங்குலமும், இரண்டு நாளில் ஏறக்குறைய 19 அங்குலமும் மழை கொட்டியிருந்தது. அப்சல்கஞ்ச் பகுதியில் ஆள் உயரத்துக்கு இரு மடங்கு தண்ணீர். பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பழைய பாலம் ஒன்றுதான் நின்றது. சுமார் 15,000 பேர் இறந்தார்கள். 19,000 வீடுகள் போயின. 80,000 பேர் தெருவில் நின்றார்கள். அந்த நாளில் ஐதராபாத்தில் நாலில் ஒருவருக்கு வீடில்லை என்று அர்த்தம். ஆஸ்பத்திரித் தோட்டத்திலிருந்த ஒரு புளியமரத்தில் ஏறிக்கொண்ட சுமார் 150 பேர் மட்டும் பிழைத்தார்கள். உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் அந்த மரத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

1909 ஏப்ரலில் விசுவேசுவரய்யா ஐதராபாத் வந்தார். நகரத்துக்குள் ஆற்றங்கரையை உயர்த்திச் சுவர் எழுப்புவதுதான் எல்லோருக்கும் தோன்றுகிற யோசனை. அவர் அங்கே தொடங்கவில்லை. ஆற்றோடு மேலே போனார். நகரத்துக்கு மேலே முசியும் அதன் கிளையான ஈசியும் 862 சதுர மைல் நிலத்தின் மழைநீரைச் சுமந்து வருகின்றன. அந்த நிலத்தில் 788 ஏரிகள் இருந்தன. கணக்கெடுத்ததில் 221 ஏரிகள் கரை உடைந்தவை என்று தெரிந்தது.

ஏரிப் பாசன ஊரில் பிறந்தவர்களுக்கு இந்த எண்ணின் பயங்கரம் விளங்கும். ஏரிகள் சங்கிலி போல இருக்கின்றன. மேல் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே கீழ் ஏரிக்கு வரும். மேல் ஏரி உடைந்தாலோ, அதன் தண்ணீர் மொத்தமும் ஒரேயடியாகக் கீழ் ஏரியின் தலையில் விழும், அதுவும் உடையும். மராமத்து இல்லாத ஒரு சின்னக் கரை, இருபது மைலுக்குக் கீழே இருக்கிற தெருவை அழித்துவிடும். மழை பெய்தது வானத்தின் செயல்தான். ஆனால் விநாடிக்கு 4,25,000 கன அடி என்று கணக்கிடப்பட்ட அந்த வெள்ளத்தில் உடைந்த ஏரிகளின் பங்கும் சேர்ந்திருந்தது.

1909 அக்டோபரில் அறிக்கை தந்தார். முசியிலும் ஈசியிலும் நகருக்கு மேலே இரண்டு அணைகள் கட்டவேண்டும். ஆறு தாங்கக்கூடிய அளவை மட்டும் கீழே விட்டுவிட்டு, மிச்ச வெள்ளத்தை அங்கேயே நிறுத்தி மெதுவாக வடிக்க வேண்டும். இதுதான் திட்டத்தின் சாரம். கூடவே நகரத்துக்குள் கரைகளைச் சீராக்கி நந்தவனம் அமைக்கவும், சாக்கடை வசதி செய்யவும் யோசனை சொன்னார். வெள்ளத்துக்காகச் சொன்ன அணைகளே பிறகு குடிநீருக்கும் ஆயின. முசியில் உஸ்மான் சாகர் 1920-இல் முடிந்தது. ஈசியில் ஹிமாயத் சாகர் 1927-இல் முடிந்தது.

அணைகள் தம் வேலையைச் செய்தன. ஏரிகளை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் தீராத கேள்வியாக நின்றது. 2020 அக்டோபரில் ஐதராபாத்தில் பெருமழை பெய்தபோது பல்லே செருவும் குர்ரம் செருவும் உடைந்து குடியிருப்புகளில் புகுந்தன. 1909-இல் அவர் எண்ணிய காரணம் நூறு ஆண்டு கழித்தும் மாறவில்லை.

ஐதராபாத் வேலை முடிந்ததும் 1909 நவம்பரில் மைசூரின் தலைமை எஞ்சினீயர் ஆனார். 1912 முதல் 1918 வரை திவான். மைசூர் பாங்கி, மைசூர்ச் சர்வகலாசாலை, பெங்களூர் எஞ்சினீயரிங் காலேஜ், பத்ராவதி இரும்பாலை எல்லாம் அந்தக் காலத்துக் காரியங்கள். எல்லாவற்றிலும் பெரியது கண்ணம்பாடி.

அந்த அணைக்கும் தமிழர்களுக்கும் இரண்டு வகையில் சம்பந்தம் உண்டு. முதலாவது கோலார் தங்கவயல். நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி உழைத்த அந்தச் சுரங்கங்களுக்கு 1902 முதல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் போயிற்று. கோடையில் காவிரி வற்றினால் மின்சாரமும் வற்றும். மேலே தண்ணீரைத் தேக்கி ஒரே சீராக விட்டால்தான் சுரங்கத்து இயந்திரங்கள் நிற்காமல் ஓடும். இந்த வாதமும் சேர்ந்துதான் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அணைக்குப் பணம் பிறந்தது. 1911-இல் வேலை தொடங்கியது.

இரண்டாவது சம்பந்தம் அவ்வளவு இனிப்பானது அல்ல. மைசூர் கேட்டது 41 டி.எம்.சி.க்கு மேல், சென்னை மாகாணம் முதலில் சம்மதித்தது 11 டி.எம்.சி. சென்னையின் அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. தஞ்சை ஜில்லாவின் சோறு அந்தத் தண்ணீர். விசுவேசுவரய்யாவோ அனுமதித்த உயரத்துக்கு மட்டும் அஸ்திவாரம் போடாமல், பின்னால் எழும்பப் போகும் முழு அணைக்கும் தாங்கும்படி அகலமாகவே போட்டார். எஞ்சினீயர் கணக்கில் அது சரி. அண்டை மாகாணத்தின் நம்பிக்கையை அது வளர்த்திருக்காது. 1914-இல் கிரிஃபின் என்ற நடுவர் தீர்ப்புச் சொன்னார், சென்னை ஒப்பவில்லை, லண்டன் வரை முறையீடு போயிற்று. விசுவேசுவரய்யா பதவியை விட்டுப் போன பிறகும் பேச்சு நடந்துகொண்டே இருந்தது.

கடைசியில் 1924 பிப்ரவரி 18-ஆம் தேதி இரு சர்க்காரும் கையெழுத்திட்டன. கண்ணம்பாடியில் 44.8 டி.எம்.சி., மேட்டூரில் 93.5 டி.எம்.சி. என்று முடிவாயிற்று. திருச்சி முக்கொம்பு மேலணையில் எவ்வளவு தண்ணீர் ஓடவேண்டும் என்ற அளவை வைத்து மைசூர் தன் மதகைத் திறக்க வேண்டும், மூட வேண்டும் என்று விதிகள் வகுத்தார்கள். தகராறு செய்த இரண்டு பேர் ஒரே அளவுகோலைப் பார்க்க ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. கையெழுத்து உலர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 1924 ஜூலையில் காவிரியில் வரலாறு காணாத வெள்ளம் வந்தது. கண்ணம்பாடி பாதி கட்டிய நிலையில் நின்றது. மேட்டூர் காகிதத்தில் இருந்தது. திருச்சி, தஞ்சை ஜில்லாக்களில் சொல்லி முடியாத சேதம். மறு வருஷம் தொடங்கிய மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. அதன் உபரி நீர்ப்போக்கியை அமைக்கும்போது 1924 வெள்ளத்தையே அளவாக எடுத்துக்கொண்டார்கள்.

ஐம்பது ஆண்டு கழித்து, 1974-க்குப் பிறகு எழுந்த வழக்குகள் வேறு கதை. வழக்கு எப்படிப் போனாலும், கபினியும் கண்ணம்பாடியும் நிரம்பித் திறக்கும் நாளில் செய்தி கீழே வந்துவிடுகிறது. பிலிகுண்டுலுவில் நீரளவு பார்க்கிறார்கள். ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்துகிறார்கள். மேட்டூருக்குக் கீழே கரையோர ஜனங்களை எச்சரிக்கிறார்கள்.

ஓய்வு என்பது அவருக்குத் தெரியாது. 1937-இல் ஒரிஸ்ஸாவில் வெள்ளம் வந்தபோது காந்தியடிகள் கேட்டுக்கொண்டதன் பேரில் அங்கே போனார். வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. மகாநதிக்கும் அவர் சொன்னது முசிக்குச் சொன்னதே: முகத்துவாரத்தில் கரை கட்டிக்கொண்டே போவதோடு நிற்காமல், மேலே தேக்கி வைக்க இடம் பாருங்கள். பல கைகள் மாறி அந்த யோசனை ஹிராகுட் அணையாயிற்று. 1957-இல் அது திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு அவருக்குப் பாரத ரத்னா பட்டம் கிடைத்திருந்தது.

அவருடைய நூறாவது வயதை ஒட்டி ஒரு துயரச் செய்தி பூனாவிலிருந்து வந்தது. 1961 ஜூலை 12-ஆம் தேதி, கட்டி முடியாத பான்ஷெட் அணை உடைந்தது. அதன் தண்ணீர் கீழே கடக்வாஸ்லாவில் வந்து மோத, அதுவும் உடைந்து நகரம் மூழ்கியது. எந்தக் கதவும் தாங்க முடியாத வெள்ளம் அது. மேல் ஏரி உடைந்தால் கீழ் ஏரி நிற்காது என்று ஐதராபாத்தில் அவர் எழுதிக் கொடுத்து ஐம்பத்திரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

மறு வருஷம் ஏப்ரல் மாதத்தில் பெங்களூரில் அவர் காலமானார். உடலை முத்தேனஹள்ளிக்குக் கொண்டுபோய், பிறந்த மண்ணிலேயே தகனம் செய்தார்கள்.